மறக்கப்பட்ட இயந்திரம்

கருவிகள் பெருகப் பெருகக் கனிவு குறையுமோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மொடெஸ்டோ நகரைச் சார்ந்த கிரேண்டாடி இசைக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி சாஃப்ட்வேர் ஸ்லம்ப்' என்னும் பாடல் தொகுப்பு அவ்வையத்தை மிகுவித்தது. பண்ணை வீடொன்றில் ஜேசன் லைட்டில் பெரும்பாலும் தனித்திருந்து பதிவு செய்த படைப்பு அது.

அதில் ஜெட் என்னும் இயந்திர மனிதன் வருகிறான். ஆக்கியோர் புதிய பணிகளில் மூழ்கி அவனை மறக்கின்றனர். கவனிப்பாரற்ற அவன் மதுவருந்தி மாய்கிறான்.

கேட்ட இரவில் நாம் உறங்கவில்லை. நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியரைக் கண்டு பல்லாண்டுகள் ஆகியிருந்தன. மறுநாள் விடியலில் அவர்தம் வாயிலில் நின்றோம். பெயர் சொல்லி அழைத்தார். அவர் மறக்கவில்லை; நாமன்றோ மறந்திருந்தோம்!