ஷோகேஸில் இருக்கும் வெள்ளைக் கல்

 

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு வருகிறது, பாடசாலை ட்ரிப், குடும்ப ட்ரிப் என்று பாதிப் பேர் பாசிக்குடா, நிலாவெளிப் பக்கம் இறங்கப் போகிறீர்கள். போவதற்கு முதல் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள்.

போன வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு போனில் ஒரு வொய்ஸ் மெசேஜ். பத்துப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் விஞ்ஞானம் படித்த பிள்ளை. பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இப்போது அவரும் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அல்ஹம்துலில்லாஹ், கேட்கவே சந்தோஷம். ஆனால் மெசேஜின் கடைசிப் பகுதியைக் கேட்டதும் நெஞ்சு திக்கென்றது.

"சேர், எங்க புள்ளைகள பாசிக்குடாவுக்கு கூட்டிட்டு போறோம். நீங்க அன்னைக்கு எங்களுக்கு காட்டுனீங்கல்ல, அது மாதிரி உயிரோட ஒரு முருகைக்கல்லு எடுத்துட்டு வந்து கிளாஸ்ல தொட்டியில வச்சிரலாம்னு இருக்கேன். கலரு போகாம எப்படி சேர் பாத்துக்கிறது?"

பதில் அனுப்பவில்லை. அன்றிரவு தூக்கமும் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், ஷோகேஸில் மகனின் கப்புகளுக்குப் பக்கத்தில் மான்கொம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. "எங்க வாங்கினது?" என்று கேட்பவர்களிடம் "ஓட்டமாவடியில இருந்து வந்தது" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அதன் முழுக் கதை இதுதான்.

2014 ஓகஸ்ட் லீவு. ராத்தா ஓட்டமாவடியில் கல்யாணம் முடித்திருக்கிறார். அங்கே போயிருந்தபோது மச்சானோடு போட்டில் கல்குடாப் பக்கம் போனோம். ஆழமில்லாத இடத்தில் தண்ணீருக்குள் தலையை வைத்துப் பார்த்தால் மண்ணிறம், பச்சை, நுனியில் கத்தரிப்பூ நிறம், நடுவில் குட்டி மீன்கள். மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது வேறொரு உலகம். "எங்கட புள்ளைகளுக்கு இதைக் காட்டணும் மச்சான்" என்றேன். "ஒரு துண்டு எடுத்தா கடல் கொறஞ்சா போகும்" என்று அவர் குனிந்து ஒரு கொப்பை முறித்தார். முறியும் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. மூடி போட்ட வாளியில் அது, நான்கு கேன்களில் கடல் தண்ணீர். செங்கலடி, பிபிலை, லுணுகலை, பசறை என்று வளைவு வளைவாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

வீட்டில் தங்கமீன் வளர்த்த இரண்டு அடித் தொட்டி இருந்தது. கழுவி, கடல் தண்ணீர் ஊற்றி, காற்று மோட்டரைப் போட்டு, கல்லை வைத்தேன். இரவில் டோர்ச் அடித்துப் பார்த்தால் சின்னச் சின்ன விரல்கள் வெளியே நீண்டு ஆடின. வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். உம்மா மாஷா அல்லாஹ் சொன்னார்.

பிறகு நான் செய்த பிழைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் பிழை தண்ணீர். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய கேனிலிருந்த கடல் தண்ணீரையே ஊற்றினேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே தங்கும். அதை நான்தான் வகுப்பில் படிப்பிக்கிறேன்! கடல் நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. என் தொட்டியில் அது நாளுக்கு நாள் ஏறியது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்றியிருக்க வேண்டும்.

இரண்டாவது சூடு. அந்தக் கடல் 28 பாகை செல்சியஸ் மட்டில் இருக்கும். பதுளையில் ஓகஸ்ட் இரவுக் குளிர் உங்களுக்குத் தெரியும். பகலில் ஏறி இரவில் இறங்கும் சூட்டை அந்த உயிர் தாங்காது.

மூன்றாவது வெளிச்சம். மேலே இருந்த டியூப் லைட் போதும் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் விஞ்ஞானக் கண்காட்சிக்காக அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். அப்போதே நிறம் மங்கியிருந்தது. தரம் 10 பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. இந்தப் பிள்ளை மட்டும் இன்டர்வெல் முழுக்க அதன் பக்கத்திலேயே நின்றார். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் வழமைபோல ஆய்வுகூடத்தின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போனார்கள். மோட்டரும் நின்றது. யாரிலும் பிழையில்லை, நான்தான் சொல்லிவைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் ஒரு வாடை. மீன் பழுதான வாடை. கல் முழுக்க வெள்ளை. எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் ஓடிவந்த அந்தப் பிள்ளை கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"சேர், மல்லியப்பூ மாதிரி ஆயிருச்சு! இப்பத்தான் ரொம்ப அழகா இருக்கு!"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "மகள், அது செத்துப் போச்சு, நான்தான் சாகவச்சேன்" என்று. விஞ்ஞான ஆசிரியருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? கண்காட்சி, அதிபர், பெற்றோர் எல்லாம் நினைவுக்கு வந்தது. "ஓம் புள்ள, அழகுதான்" என்றேன். பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோய் ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, ஷோகேஸில் வைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் மறந்தே போயிருக்கும். 2016இல் கடல் சூடேறி நம் நாட்டு முருகைக் கற்பாறைகள் வெளிறுகின்றன என்ற செய்தியும் படங்களும் வந்தன. அதே வெள்ளை. அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தேன். வாசித்ததில் நம் எல்லோருக்கும் தேவையானதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

முருகைக்கல் கல் இல்லை. அது ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு விலங்குகளின் குடியிருப்பு. நம் தோட்டத்து லயம் மாதிரி, சுவரோடு சுவர் ஒட்டி. கல் என்று நாம் பார்ப்பது அவை கடல் நீரிலிருந்து எடுத்துக் கட்டிய வீடு. முட்டைக் கோதில் இருக்கும் அதே கல்சியம் காபனேற்று.

அந்த விலங்கின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. சூரிய வெளிச்சத்தில் ஒளித்தொகுப்புச் செய்து தங்கள் உணவில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. வீட்டுக்காரர் இடமும் பசளையும் கொடுக்கிறார். கல்லின் மண்ணிறமும் பொன்னிறமும் இந்தக் குடித்தனக்காரருடையவை. பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் போன்றவை பெரும்பாலும் விலங்கே தயாரிக்கும் புரதங்களின் நிறம்.

தண்ணீர் சூடேறினாலும், மிகக் குளிர்ந்தாலும், உப்பு மாறினாலும் இந்த உறவு முறிகிறது. அல்காக்கள் வெளியேற்றப்படுகின்றன. கண்ணாடி மாதிரி உடம்புக்குள்ளால் வெள்ளை எலும்பு தெரிகிறது. அதைத்தான் வெளிறல் என்கிறார்கள். அந்த நிமிஷத்தில் அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. நிலைமை சீக்கிரம் சரியானால் அல்காக்கள் திரும்பவும் பெருகும், நிறமும் வரும். நீடித்தால் சாவுதான். கடலில் வழமையான கோடைச் சூட்டைவிட 1 பாகை கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றாலே இது நடக்கிறது. என் தொட்டியில் இருந்தது அந்த நிலையையும் தாண்டி, உடம்பே அழுகிப்போய்விட்டது.

வீட்டில் வளர்ப்பவர்கள் உலகத்தில் இல்லையா? இருக்கிறார்கள், அழகாகவே வளர்க்கிறார்கள். ஆனால் அவர்கள் படும் பாட்டைப் பாருங்கள். சூடு 25, 26 பாகையில் ஆடாமல் நிற்க வேண்டும். உப்பு 35. கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம். அது வளர வளர தண்ணீரிலிருந்து கல்சியத்தை இழுப்பதால் தொடர்ந்து அளந்து சேர்க்க வேண்டும். நீலம் கூடிய விசேட வெளிச்சம் நாளுக்கு 8 முதல் 10 மணித்தியாலம். தண்ணீர் அலைமாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் கழிவும் மிஞ்சிய சாப்பாடும் சேர்ந்து நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடினால் அல்கா பெருகி எல்லாம் மண்ணிறமாகும். அவை ஒன்றுமே இல்லாமல் போனாலும் வெளிறும். எல்லாமே அளவோடு, அதே அளவில், மாறாமல். 2022இல் நாள் பூராகக் கரண்ட் போனதை நினைத்துப் பாருங்கள். அந்தத் தொட்டி எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும்?

இன்னொன்று. ஒழுங்காக வளர்ப்பவர்கள் கடலில் முறிப்பதில்லை. நம் தோட்டத்தில் வி.பி. தேயிலைக்கு ஒரு கொப்பை வெட்டி நர்சரியில் நட்டு, நிழல் கொடுத்து, மெதுவாக வெயிலுக்குப் பழக்குவோமே, அதே முறைதான். தொட்டியில் வளர்ந்த தாய்க்கல்லிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, ஒட்டி, குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி வளர்க்கிறார்கள். கொழுந்து எடுக்கும் நம் தாய்மாருக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நிமிஷம் போதும்.

அடுத்தது சட்டம். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் வந்தது. 1988 திருத்தத்தோடு கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது எல்லாம் தடை. வனசீவராசிகள் சட்டமும் அதைப் பாதுகாக்கிறது. நிலாவெளிக்கு முன்னால் இருக்கும் புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. 2014இல் மச்சானுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாது என்பது ஆசிரியருக்குச் சாட்டாகாது.

"ஒரு துண்டுதானே" என்பவர்களுக்கு ஒன்று. தெற்கில் ஹிக்கடுவையைச் சுற்றிய கரையில் எத்தனையோ வருஷம் சுண்ணாம்புக்காகத் துண்டு துண்டாகத்தான் எடுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், கற்பாறை இருந்த ஹிக்கடுவையில் அலை 2, 3 மீற்றர்தான், ஏறத்தாழ 50 மீற்றர்தான் உள்ளே வந்தது என்றும், சில கிலோமீற்றர் தள்ளி, கற்பாறை தோண்டப்பட்ட பெரலியவில் 10 மீற்றர் அலை ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே புகுந்தது என்றும் எழுதினார்கள். அந்த ரயில் கவிழ்ந்த இடம்தான் பெரலிய.

"கடல் எங்கே, பதுளை எங்கே" என்றும் சொல்லாதீர்கள். துன்ஹிந்தவில் விழும் நம் பதுளு ஓயா மகாவலியோடு சேர்ந்து கொட்டியாரக் குடாவில் கடலுக்குப் போகிறது. நாம் கானில் தள்ளும் பொலித்தீனுக்கும் மழையோடு கரைந்து ஓடும் மண்ணுக்கும் அதுதான் வழி. கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லாத இடத்தில் அந்தக் குடித்தனமும் இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அந்தப் பிள்ளைக்குக் கோல் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப சேர், அன்னைக்கு அது செத்துப் போயிருந்துச்சா?"

"ஓம் மகள்."

"நான் அழகா இருக்குன்னு சொன்னேனே சேர்…"

"நீங்க சொன்னதுல பிழை இல்ல. நான் தெரிஞ்சுகொண்டே ஓம்னு சொன்னதுதான் பிழை. மன்னிச்சிருங்க."

"ஐயோ சேர், என்னா சேர் நீங்க" என்றார். பிறகு, "அப்ப நான் எம் புள்ளைகளுக்கு என்னா காட்டுறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். நீங்களும் செய்யலாம். போவதற்கு முதல் வாரம் வகுப்பில் ஒரு முட்டைக் கோதை வினாகிரியில் போட்டுக் குமிழி வருவதைக் காட்டுவது; கல்லின் வீடு எதனால் ஆனது என்று பிள்ளைகளுக்கு விளங்கும். பாசிக்குடாவில் கண்ணாடி அடிப்பாகம் வைத்த போட் ஓடுகிறது. அதில் ஏற்றிப் பார்க்க வைப்பது. நங்கூரத்தைக் கல்மேல் போடவேண்டாம் என்று ஓட்டுபவரிடம் முதலே சொல்வது. கற்பாறைமேல் கால் வைக்கவோ தொடவோ விடாமல் இருப்பது. கரையில் கிடக்கும் துண்டாக இருந்தாலும் பைக்குள் போடாமல் வருவது. வந்த பிறகு பார்த்த நிறங்களை வரையச் சொல்வது. கடல் பார்க்காத பிள்ளைகளுக்கு அந்தப் படங்களே போதும்.

கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். கலர் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? நம்மைப் போன்றவர்களுக்கு, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதுதான் வழி. வீட்டில் மீன் வளர்க்க ஆசையா? கப்பி வளருங்கள். நம் ஊர்த் தண்ணீருக்கு அருமையாக வளரும், குட்டியும் போடும்.

அந்த வெள்ளைக் கல்லை ஷோகேஸிலிருந்து எடுத்துவிட்டேன். கீழே இருப்பது நான் எடுத்த கடைசிப் படம். வனசீவராசிகள் அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி ஒப்படைக்கப் போகிறேன். மகன் கேட்டான், "ஏன் வாப்பா, அழகாத்தானே இருக்கு?" என்று. இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

ட்ரிப் போகிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள். நல்லபடி போய் வாருங்கள். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.