அரை பாட்டில் கிருஷ்ணாயில்

எங்க ஊர்ப் பக்கம் அதற்கு அரிக்கேன் விளக்கு என்றுதான் பெயர். அந்த 'அரிக்கேன்' புயலைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தை என்று தெரிந்தபோது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். புயலில் அணையாத விளக்கு என்பதால் அந்தப் பெயர்.

அணையாததற்குக் காரணம் இரண்டு பக்கமும் இறங்கும் தகரக் குழாய்கள். கைப்பிடிக்கான சட்டம் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அவைதான் விளக்கின் மூச்சுக்குழாய். சூடான புகை நடுவில் மேலே போக, வெளிக்காற்று பக்கக் குழாய்களில் இறங்கித் திரிக்கு வருகிறது. வெளியே காற்று வெறித்தனமாக வீசினாலும் நுழையும் வழி, வெளியேறும் வழி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம். சுடர் அசையாது. 1870களில் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த அமைப்பு இது. மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது. ஆபீசில் ஒரு சர்வர் படுத்தால் ஏன் படுத்தது என்று கண்டுபிடிக்கவே நாலு பேர் வேண்டியிருக்கிறது.

போன வருஷம் ஏலகிரிக்கு கேம்பிங் போனபோது நண்பன் அரிக்கேன் வடிவத்தில் எல்.இ.டி. விளக்கு கொண்டு வந்திருந்தான். நிஜம் மாதிரி இருக்கணும் என்று அதன் வெளிச்சத்தை நடுங்க விட்டிருந்தார்கள். அசையக் கூடாது என்றே செய்த விளக்கின் நகல், அசைந்துகொண்டே இருந்தது!

அம்மாவுக்கு இந்த ரசனையெல்லாம் கிடையாது. அவங்களைப் பொறுத்தவரை அரிக்கேன் என்றால் தினமும் சாயங்காலம் சாம்பல் போட்டுக் கண்ணாடி துடைக்கிற வேலை. வீட்டில் ஆம்பளப் பசங்க நாலு பேர் இருந்தும் துடைத்தது அம்மா மட்டும்தான். "கரண்ட் வந்தன்னைக்குதான் எனக்கு லீவு விட்டாங்க" என்பாங்க.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள் காலைக்குள் திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. வீட்டில் அம்மா தனியாக. நான் சென்னையில். சனிக்கிழமை ராத்திரி போன கரண்டோடு டவரும் போனது. திங்கட்கிழமை சாயங்காலம்தான் குரல் கேட்டேன்.

எமர்ஜென்சி லைட் முதல் ராத்திரியே செத்துவிட்டதாம். பரண்மேல் கிடந்த அரிக்கேனை இறக்கியிருக்கிறார்கள். ஆனால் எண்ணெய்? ரெண்டு சிலிண்டர் வீடு, ரேஷனில் ஒரு சொட்டு கிடையாது. பெயின்ட் பிரஷ் கழுவப் பக்கத்து வீட்டு அண்ணன் வைத்திருந்த அரை பாட்டில் கிருஷ்ணாயில்தான் கைகொடுத்திருக்கிறது. கூடத்தில் ஒரு ஜன்னலை லேசாகத் திறந்துவைத்து, திரியை இறக்கி எரித்திருக்கிறார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். வெளிச்சத்தைப் பார்த்து எதிர்வீட்டுப் பாட்டியும் வந்து படுத்துக்கொண்டாங்களாம்.

"பயமா இருந்துச்சாம்மா?"

"எண்ணெய் எவ்ளோ இருக்குன்னு ஆட்டிப் பாத்தா தெரியுதே. அந்த லைட்டு சொல்லாம கொள்ளாம போயிடுச்சுடா."

பொங்கலுக்குப் போனபோது பவர் பேங்க் இரண்டு வாங்கிப் போனேன். வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு புதுத் திரி ஒரு முழம் கேட்டார்கள். மேம்பாலத்துக்குக் கீழே நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைப் பெரியவர் மட்டும் எத்தனை விரல் அகலம் என்று கேட்டார்.