அறிவுரை கூறாதிருக்கப் பயிலுதல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவின் வழியே கிழக்கு நோக்கி நடந்தால் கிள்ளிப்பாலம் வரும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம் அப்பகுதியில்தான் இருக்கிறது. பாத்திரக் கடையொன்றில் கணக்கெழுதும், நாற்பதைத் தொடும் பெண்ணொருவர் சேர்க்கைப் படிவத்தோடு அத்தெருவைக் கடந்து சென்றபோது, அவர் எங்கே போகிறார் என்று கடைக்காரர்கள் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளக்குவது எளிதன்று. உளவியல் முதுகலையில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் ஆற்றுப்படுத்தல் உளவியலைச் சிறப்புப் பாடமாகக் கொள்வது அவருடைய திட்டம். வீட்டில் நாஞ்சில் தமிழ், கடையில் பாதிக்குமேல் மலையாளம், பாடநூல்கள் ஆங்கிலத்தில்.

அப்பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஒரு மதிப்பலகு என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு மதிப்பலகுத் தாளுக்கு 120 மணி. கடையின் கதவை இறக்கி, வீடு திரும்பி, சமையலும் முடிந்த பிறகு எஞ்சுவதிலிருந்துதான் அந்த 120 மணியைத் திரட்ட வேண்டும். பகுதிநேரப் படிப்பு என்ற சொல் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. பகுதியாக இருப்பது நேரந்தானே தவிர படிப்பன்று.

நினைவாற்றல், ஆளுமைக் கோட்பாடுகள், புள்ளியியல் ஆகியவற்றை அவர் இரவில் படித்தே தேறினார். இடறியது கார்ல் ரோஜர்ஸிடம். 1942இல் வெளிவந்த நூலில் ரோஜர்ஸ் தம் முறையை ‘வழிகாட்டாத’ முறை என்றார்; 1951இல் அது ‘நாடிவருபவரை மையமாகக் கொண்டது’ ஆயிற்று; பிற்காலத்தில் ‘நபரை மையமாகக் கொண்டது’ என்று விரிந்தது. பெயர்கள் மாறினாலும் உட்கிடை ஒன்றே: தம் வாழ்வுக்கான திசையை அறியும் ஆற்றல் வந்திருப்பவரிடமே உள்ளது, ஆற்றுப்படுத்துநரின் வேலை அதற்கு இடையூறு செய்யாத உறவொன்றை அமைப்பது.

இதைத் தமிழில் சொல்ல முற்பட்டால் முதற்சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. ‘மனநல ஆலோசகர்’ என்பது வழக்கிலுள்ள பெயர். ஆலோசனை சொல்லாதிருப்பதே முறை என்னும் ஒருவருக்கு அது எப்படிப் பொருந்தும்? கல்வித்துறையில் ஊன்றிவிட்ட ‘ஆற்றுப்படுத்தல்’ இன்னும் சுவையான முரண். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்வரும் கலைஞனுக்கு இன்ன வழியாகப் போ, இன்னாரைக் காண் என்று சொல்வது அவ்வகையின் அடிப்படை. மலைபடுகடாத்தில் வழியின் இடர்கள்கூட விரித்துரைக்கப்படுகின்றன. வழிகாட்டலின் உச்சமான ஓர் இலக்கிய வகையின் பெயரை, வழிகாட்டாமையை அறமாகக் கொண்ட பயிற்சிக்குச் சூட்டியிருக்கிறோம். (இன்றைய காதுக்கு அச்சொல்லில் ‘ஆறுதல்’ கேட்கிறது என்பதும் உண்மை, அதனால்தான் முரண் உறுத்துவதில்லை போலும்.) ஈழத்தில் வழங்கும் ‘உளவளத்துணை’ ரோஜர்ஸுக்கு இவற்றைவிட அருகில் நிற்கிறது. துணை என்பவர் உடன் வருபவர், முன்னே நடப்பவரல்லர்.

சொல்லில் உள்ள சிக்கல் நாற்காலியில் எதிரே அமரும்போது உடலுக்கு வந்துவிடுகிறது. பல்கலைப் படிப்போடு, வார இறுதிப் பயிற்சிக் குழுவொன்றிலும் அப்பெண் சேர்ந்திருந்தார். மூவர் மூவராக அமர்வார்கள்: ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க. கற்பனைச் சிக்கல்களன்று, சொந்த வாழ்வின் சிறு சிக்கல்களையே பேச வேண்டுமென்பது விதி. இருபத்திரண்டு வயது மாணவி ஒருத்தி, படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வரச்சொல்லும் தந்தையைப் பற்றிப் பேசி, “நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்கக்கா” என்றாள். பாடநூல் பயிற்றுவித்தபடி இவர், “என்ன செய்றதுன்னு தெரியாம நீங்க குழம்பிப் போயிருக்கீங்க” என்று உணர்வைத் திருப்பி உரைத்தார். “அதத்தானே அக்கா கேக்கேன்” என்றாள் அவள். கவனித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டார்.

ரோஜர்ஸின் முறையைக் கிளிப்பிள்ளைத்தனமாகச் சுருக்குவோர் அவர் காலத்திலேயே இருந்தனர். அது அவரை வருத்தியதும் உண்டு. ஆனால் இங்கே நிகழ்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ‘அக்கா’ என்பது வெறும் விளியன்று. அப்படி அழைக்கப்பட்டவருக்கு வழி சொல்லும் உரிமை மட்டுமன்றி, சொல்லியாக வேண்டிய கடமையும் வந்துசேர்கிறது. சாலைத் தெருவில் ‘அண்ணாச்சி’க்கும் அதே கதி, மலையாளத்தில் ‘சேச்சி’க்கும். அக்கா வாய்மூடியிருந்தால் தங்கை அதைச் சுயாட்சிக்கு அளிக்கப்பட்ட மரியாதையாகக் கொள்வாளா, கைவிடலாகக் கொள்வாளா? போதாக்குறைக்கு அவர் ‘நீங்க’ என்று வேறு விளித்திருந்தார். அக்காவிடமிருந்து வரும் ‘நீங்க’ கதவைச் சாத்தும் ஒலி.

இவ்விடத்தில் 1957ஆம் ஆண்டுக் கட்டுரையை முழுமையாகப் படிப்பது உதவுகிறது. ஆளுமை மாற்றத்துக்குத் தேவையானவையும் போதுமானவையும் என ரோஜர்ஸ் ஆறு நிபந்தனைகளை வகுத்தார். வகுப்பறைகளில் மூன்றே நினைவில் நிற்கின்றன: உள்ளும் புறமும் ஒத்திருத்தல், நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு. மறக்கப்படும் ஆறாவது, அந்த ஏற்பும் ஒத்துணர்வும் ஓரளவேனும் எதிரிலிருப்பவரால் உணரப்பட வேண்டும் என்பது. கேட்பவர் மனத்தில் எவ்வளவு ஏற்பு இருந்தும், அது ‘நீங்க’ என்ற சொல்லில் உறைந்துபோனால் நிபந்தனை நிறைவேறவில்லை. ஆக, அறிவுரையைத் தவிர்த்தல் ஒரு நுட்பமாக நில்லாது. அது எந்த மொழியில், எந்த உறவுமுறைக்குள் நிகழ்கிறது என்பதையும் அப்பெண் தேட வேண்டியிருந்தது.

அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கும் வழக்கத்துக்கும் ரோஜர்ஸே முன்னோடி. 1942ஆம் ஆண்டு நூலில் ஒருவரோடு நிகழ்ந்த எட்டுச் சந்திப்புகளின் முழு எழுத்துவடிவமும் உண்டு. அப்பெண்ணும் தம் பயிற்சி அமர்வுகளை, உரியவர்களின் இசைவோடு, எழுதிப் பார்த்தார். ‘பரவாயில்ல’, ‘சாரமில்ல’, ‘எல்லாம் சரியாயிரும்’ ஆகியவை எங்கெல்லாம் வந்தனவோ அங்கெல்லாம் எதிரிலிருந்தவர் பேச்சை நிறுத்தியிருந்தார். சில வாரங்களுக்குப் பின் அதே மாணவி மீண்டும் கேட்டபோது பதில் வேறாக இருந்தது: “சொல்லிரணும்னுதான் எனக்கும் துடிக்குது. ஆனா நான் சொன்னா அது என் வழியாத்தான் இருக்கும், ஒன் வழியா இருக்காது. அப்பா போன்ல பேசினப்போ ஒனக்கு எப்படி இருந்துச்சு?” அதன்பின் மாணவி நீண்ட நேரம் பேசினாள். பெரும்பகுதி தந்தையைப் பற்றியன்று, இறந்துபோன பாட்டியைப் பற்றி.

இத்தகைய கற்றல் அஞ்சலில் வாராது என்பது மெய்யே. உளவியல் உள்ளிட்ட, 2021ஆம் ஆண்டுச் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாதெனப் பல்கலைக்கழக மானியக்குழு முடிவெடுத்ததை அவ்வகையில் புரிந்துகொள்ளலாம். நோய் சரியாகவே கணிக்கப்பட்டிருக்கிறது, மருந்துதான் பொருந்தவில்லை. தொலைநிலைப் பாடத்தோடு கட்டாய நேர்முகப் பயிற்சியையும் மேற்பார்வையையும் இணைத்திருக்கலாம். சிறப்பான துறையறிவு ஆற்றுப்படுத்துநருக்கு இன்றியமையாததன்று என்றும், பயிற்சி அனுபவவழியே அமைய வேண்டுமென்றும் அதே 1957ஆம் ஆண்டுக் கட்டுரை வாதிட்டதை நினைத்தால், பகலில் வேலைசெய்யும் ஒருவரை முற்றாக வெளியே நிறுத்தும் ஏற்பாட்டுக்கு ரோஜர்ஸின் மரபில் ஆதரவு தேடுவது கடினம்.

பக்கத்துத் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் இளம்பெண் ஒருத்தி, அடுத்த சேர்க்கைக்கென்று ஒன்றரை ஆண்டாகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருந்தாள். இனிச் சேர்வதாயின் பகல் வகுப்பில்தான் சேர வேண்டும். கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கிறது. என்ன செய்யலாம் என்று அவள் வந்து கேட்டாள். பாத்திரக் கடைப் பெண் கணக்கேட்டை மூடிவிட்டு, முக்காலியொன்றை இழுத்துப் போட்டு, அவளை உட்காரச் சொன்னார்.