தூண்டுகோல்

"மேனேஜர் கேக்குறாரு, ஃப்ரெஷர்ஸை ஏன் தூண்டிவிடுறேன்னு. நான் யாரைண்ணா தூண்டிவிட்டேன்?"

கேண்டீனில் எதிரே உட்கார்ந்து அவள் கேட்டபோது என் டீயில் ஆடை கட்டியிருந்தது. நான் அந்த ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்ரைசல் சமயம் அது. சக ஊழியர்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் ஃபீட்பேக் எழுத வேண்டும். மீட்டிங்கில் வாயே திறக்காத புதுப் பையன்களை, "கேளுடா, தெரியலைன்னா கேளு" என்று பேச வைத்தவள் அவள். அதைப் பாராட்டித்தான் எழுதினேன். தமிழில் யோசித்தேன்: கேள்வி கேட்கத் தூண்டுகிறாள். ஆங்கிலத்தில் கை தானாக அடித்தது: இன்சைட்.

தமிழில் தூண்டுவதற்கு நல்லது கெட்டது கிடையாது. பாட்டி விளக்குத் திரியைத் தூண்ட ஒரு பழைய ஹேர்பின் வைத்திருந்தாள். 'என் முன்னேற்றத்துக்குத் தூண்டுகோல்' என்று நன்றியுரையில் சொல்கிறோம். அதே வினைதான் செய்தித்தாளில் 'வன்முறையைத் தூண்டியதாக வழக்கு' என்று வருகிறது. என்ன எரிகிறது என்பதைப் பக்கத்துச் சொல் பார்த்துக்கொள்ளும்.

ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. ஆர்வத்தைக் கிண்டில் செய்யலாம். பழைய நார்ஸ் மொழியில் தீ மூட்டுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. 2007இல் வந்த மின்நூல் கருவிக்கும் அதே பெயர். இன்சென்ஸ் என்றால் சாம்பிராணி மாதிரி வாசனைப் புகை. வினையாக்கினால் ஒருவரைக் கொதிக்க வைப்பது. இரண்டுக்கும் எரித்தல் என்ற ஒரே லத்தீன் வேர். ஸ்டோக் செய்வது எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் வேலை. பயத்தையும் வெறுப்பையும் அதே சொல்லால்தான் வளர்ப்பார்கள். ஆனால் அமெரிக்க டீமில் ஒருவன் 'ஐ ஆம் ஸ்டோக்ட்' என்று மெயில் போட்டால் பயல் சந்தோஷமாக இருக்கிறான் என்று அர்த்தம். எனக்குப் பிடித்தது ஃபோமென்ட். அடியில் அது வெந்நீர் ஒத்தடம். இன்று அந்தச் சொல்லோடு கலகமும் சதியும்தான் வரும்.

இன்சைட்டில் நெருப்பே இல்லை. வேரைப் பார்த்தால் 'அசையவை', அவ்வளவுதான். ஆனால் இன்று அதைக் கேட்கிறவர் காதில் விழுவது கலவரம். நான் தேடியிருக்க வேண்டிய இன்ஸ்பயரோ மூச்சை உள்ளே ஊதுவது. பாட்டியின் அடுப்படியில் அதற்கும் ஒரு சாமான் இருந்தது, ஊதுகுழல்.

இதெல்லாம் பிறகு, குற்ற உணர்ச்சியில் அகராதி புரட்டித் தெரிந்துகொண்டது. அன்று கேண்டீனில், "விடுமா, அவருக்குப் புரியலை" என்றேன். அவளுக்கு ஆறுதல் சொன்னதாகவே நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து மேனேஜருக்கு விளக்கி மெயில் எழுதினேன். 'நன்றி, ரேட்டிங் முடிந்துவிட்டது' என்று பதில் வந்தது. அந்த வருடம் அவளுக்கு ப்ரமோஷன் இல்லை. என் ஒரு சொல்தான் காரணமா என்று மேனேஜரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் அவள் வேறு கம்பெனிக்குப் போனாள். போன மாதம் மெசேஜ்: "அண்ணா, லிங்க்ட்இன்ல ஒரு ரெகமண்டேஷன் எழுதித் தர்றீங்களா? என்னைப் பத்தி நல்லா எழுதுறவர் நீங்கதான்."

இன்ஸ்பயர் என்று அடித்தேன். அழித்தேன். 'புதிதாக வந்தவர்கள் இவரால்தான் கேள்வி கேட்கப் பழகினார்கள்' என்று எந்த அகராதியும் தேவைப்படாத ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு ஹார்ட் போட்டாள். பழைய ஃபீட்பேக் பற்றியும் சொல்லிவிடலாம் என்று டைப் செய்ய ஆரம்பித்தேன். அது இன்னும் டிராஃப்டில் இருக்கிறது.