கூப்பிடு தூரத்துத் தேனிலவு

விவாகம் முடிந்த தம்பதிகள் உற்றார் உறவினரை விட்டுப் புறப்பட்டுப் போய், வேற்றூரில் சில நாள் தனித்திருந்து திரும்பும் வழக்கம் எங்கே தோன்றியது, எவ்வழியாக நம் வீட்டு வாசல் வரை வந்தது என்ற கேள்வி, சேலத்தில் என் தம்பி மகனுடைய கல்யாணம் நடந்தபோதுதான் என் மனத்தில் வேரூன்றியது. பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரங்களை எண்ணித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலை வேளையில், மணமக்கள் இருவரும் ஒரே ஒரு பையுடன் என் முன்னே வந்து நின்று, “பெரியப்பா, ஏற்காட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடறோம்” என்று சொல்லி, நான் பதில் சொல்லத் தொடங்குமுன் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார்கள். முன்னேற்பாடு ஒன்றுமில்லை, முதல் நாள் இரவு மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றிய எண்ணமாம்.

வீட்டில் அபிப்பிராயங்கள் இரண்டாகப் பிரிந்தன. விருந்துக்கு அழைத்திருந்த மாமன் வீட்டாருக்கு என்ன சமாதானம் சொல்வது, இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கமல்லவா என்று பெரியவர்கள் வருந்தினார்கள். இளையவர்களோ, ஏற்காட்டுக்குப் போவதெல்லாம் ஒரு தேனிலவா என்றார்கள். தொண்ணூறை நெருங்கிய எங்கள் அத்தைகூட, “ஏன் சாமி, மாடியில ஏறி நின்னா தெரியிற மலைக்கு ரெண்டு நாள் எதுக்கு?” என்று கேட்டார். வழக்கம் அந்நியமானது என்பது ஒரு சாரார் கட்சி. அது தூரதேசத்தில்தான் நிறைவேறும் என்பது மற்றொரு சாரார் கட்சி. இரண்டும் உண்மைதானா என்று அறிய விரும்பியே நான் இந்தத் தேடலில் இறங்கினேன்.

வெள்ளைக்காரர் பழக்கம் என்று சொல்லப்பட்டதால் அவர்களுடைய நூல்களிலிருந்தே தொடங்குவது நியாயமாகப்பட்டது. ஜேன் ஆஸ்டின் 1814-இல் வெளியிட்ட ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் புதுமணத் தம்பதிகள் கடற்கரை நகரமான பிரைட்டனுக்குப் புறப்படுகிறார்கள். மணமகளின் தங்கையும் கூடவே போகிறாள்! கதாசிரியை இதை ஒரு விசித்திரமாக எழுதவில்லை. அன்றாட நடைமுறையாகவே எழுதிச் செல்கிறார். மேலும் படிக்கப் படிக்க விஷயம் தெளிவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வசதி படைத்த குடும்பங்களில், கல்யாணத்துக்கு வர இயலாமற்போன உறவினரைத் தம்பதிகளே தேடிச் சென்று கண்டு வருவது கல்யாணப் பிரயாணத்தின் முக்கியமான நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. தங்கையோ தோழியோ துணைக்குச் செல்வதும் சகஜம். மாமன் வீட்டில் ஒரு வேளை, சித்தப்பா வீட்டில் ஒரு வேளை என்று நாம் நடத்தும் மறுவீட்டு விருந்துக்கும் அந்தக் கோச்சு வண்டிப் பிரயாணத்துக்கும் உள்ள ஒற்றுமை என்னை வியப்பில் ஆழ்த்தியது.

தூரத்தைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவைத்தவர் விக்டோரியா மகாராணியே. 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி ஆல்பர்ட் இளவரசரை மணந்த அவர், பூமண்டலத்தின் எந்தக் கோடிக்கும் செல்லக்கூடிய கப்பற்படைக்கு அதிபதியாக இருந்தும், லண்டனிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள வின்ட்ஸர் கோட்டைக்குத்தான் சென்றார். பாராளுமன்றம் கூடியிருக்கும் சமயத்தில் தலைநகரை விட்டு அதிக நாள் விலகியிருக்க இயலாது என்று, மூன்றே நாளில் அந்த ஏகாந்த வாசத்தை முடித்துக்கொண்டார். பேரரசியின் தேனிலவு, ஏறத்தாழ சேலத்திலிருந்து ஏற்காடு இருக்கும் தூரத்திலேயே நடந்தது என்பதை நம் இளையவர்கள் அறிந்தால் மனம் ஆறுவார்கள்.

பின்னர் ரயிலும் நீராவிக் கப்பலும் பெருகின. பிரயாணம் சுலபமாகவே, பாரிஸ், இத்தாலி, ஸ்விட்ஸர்லாந்து என்று தம்பதிகள் தூரம் தூரமாகப் போகலானார்கள். அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி மணமக்களின் க்ஷேத்திரமாகவே பிரசித்தி பெற்றது. எவ்வளவு தூரம் போனார்கள் என்பது குடும்பத்தின் அந்தஸ்தைக் காட்டும் அடையாளமாயிற்று. ஆகவே தூரம் இந்த வழக்கத்தோடு பிறந்ததன்று; வண்டி வாகனங்களும் செல்வமும் பின்னால் கொண்டுவந்து சேர்த்தது.

நம் மலைவாசஸ்தலங்களும் புதுமணத் தம்பதிகளுக்காக உண்டானவை அல்ல. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை, 1820-க்குப் பின் வந்த ஆண்டுகளில் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் பரவச் செய்தார்; 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சிக் கொடைக்கானலில் குடியேறினார்கள்; 1908-இல் உதகமண்டலம் வரை ரயில் ஏறியது. அங்கே நம் மணமக்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை பேருந்தும் சினிமாவும் என்பதே என் முடிவு. ஏற்காட்டுச் சாலையிலேயே, டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. 1961-இல் ஸ்ரீதர் ‘தேன் நிலவு’ படத்தைக் காஷ்மீரத்துக்கே சென்று எடுத்து வந்தபோது, ஏரியும் பனிமலையும் இல்லாவிட்டால் அது தேனிலவாகாது என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கும்.

அப்படியானால் புது வாழ்க்கையின் தொடக்கத்தில் இருவருக்கும் தனிமை வேண்டும் என்ற எண்ணம் நமக்கு அந்நியமா? சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையைத் திறந்தேன். கோவலனையும் கண்ணகியையும் அதே புகார் நகரத்தில் தனியே ஒரு மாளிகையில் குடிவைத்து, ஏவலாளரும் செல்வமும் கொடுத்து, அவர்கள் இல்லறம் நடத்தும் அழகைக் காண விரும்பியவள் கோவலனுடைய தாயாரே. தென்றல் வீசும் உயர்ந்த மாடத்திலும் நிலா முற்றத்திலும் அவர்கள் இன்புற்றிருந்த காட்சியை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். ஊர் மாறவில்லை, உறவு அறவில்லை; ஆயினும் தனிமை கிடைத்தது, அதுவும் பெற்றவளே மனமுவந்து அளித்த தனிமை.

பெரிய வீட்டுச் செய்தி அது. மாளிகை இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்று அத்தையையே கேட்டேன். அவருக்குக் கல்யாணமான புதிதில், விருந்தெல்லாம் முடிந்து குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க இரண்டு மாட்டு வண்டிகளில் போனார்களாம். ஒரு மேட்டில் மாடுகள் இழுக்க மாட்டாமல் திணறவே, எல்லாரும் இறங்கி நடந்தார்கள். அத்தையின் கழுத்துப் புது நகைகளும் பட்டுப் புடவையின் கனமும் நடையைத் தாமதப்படுத்த, மாமாவும் ஏதோ செருப்பைச் சரிசெய்வதுபோல் பின்தங்கினார். “‘கால் வலிக்குதா?’ன்னு கேட்டார் சாமி. அதுதான் அவர் எங்கிட்டப் பேசின மொதப் பேச்சு. மேடு ஏறி முடியற மட்டும் பேசிக்கிட்டே வந்தோம். அப்புறம் வண்டியில ஏறிட்டோம்” என்றார். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த மேட்டின் பக்கத்தில் நின்ற புளிய மரங்கள்வரை அத்தைக்கு நினைவிருந்தது.

ஏற்காட்டிலிருந்து திரும்பிய மருமகளும் இதற்கு ஒத்த செய்தியைத்தான் சொன்னாள். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, இறங்கியதும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு அரை மணி உட்கார்ந்தது, தங்குவதற்கு இரண்டு மூன்று இடங்களில் விசாரித்தது, சவுக்கு மரங்களையொத்த உயர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த தோட்டங்களினூடே நடந்தது எல்லாம் சொல்லிவிட்டு, லேடீஸ் சீட் என்னும் முனையிலிருந்து இரவில் சேலத்து விளக்குகளைப் பார்த்ததைச் சொன்னாள். அந்த விளக்குகளில் எது நம் தெரு என்று இருவரும் வெகுநேரம் வாதாடினார்களாம். “புடவை, பந்தி, மண்டபம் எல்லாமே பெரியவங்க முடிவு பண்ணினாங்க, மாமா. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த மொத முடிவு இதுதான்” என்றாள்.

என் தேடலுக்கு அந்த வாக்கியத்தில் விடை கிடைத்தது. உறவினரைக் காணச் சென்ற இங்கிலாந்துப் பிரயாணமும், கோவலனின் தாயார் அமைத்துக் கொடுத்த மாளிகையும், அத்தை நடந்து ஏறிய மேடும், வேறு வேறு காலத்தில் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை: பிறர் சேர்த்துவைத்த இருவர், தாமாகவே ஒருவரையொருவர் கண்டுகொள்வதற்குச் சிறிது அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்துக்கு மைல் கணக்கும் இல்லை, செலவுக் கணக்கும் இல்லை. ஆகையால் கல்யாணத்தை நடத்தும் பெரியவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: மறுவீட்டு விருந்துகளுக்கு நாள் குறிக்கும்போது, ஒன்றும் குறிக்காத இரண்டு நாட்களையும் சேர்த்து விட்டுவையுங்கள். அந்த நாட்களில் எங்கே போவது, போகாமல் வீட்டிலேயே இருப்பதா என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.