தோட்டம் டிரஸ்டுக்கு... துப்பாக்கி யாருக்கு?

கோத்தகிரிப் பக்கம் ஒரு பெரியவருக்கு ஆறு ஏக்கர் தேயிலை, அரை ஏக்கர் கேரட். காட்டுப்பன்றித் தொல்லைக்காக லைசென்ஸ் எடுத்து வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. பிள்ளைகளுக்குள் பாகத் தகராறு வரக் கூடாது என்று நிலத்தைக் குடும்ப டிரஸ்ட்டில் சேர்த்தார். துப்பாக்கியும் நிலத்தோடு டிரஸ்ட்டுக்குப் போய்விட்டதாக வீட்டார் நினைத்தார்கள். அவர் காலமான பிறகு அது பீரோவிலேயே கிடந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க மூத்த மகன் விசாரித்தபோதுதான், உரிமதாரர் இல்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று தெரிந்தது. மறுநாளே காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்.

நிலத்துக்குப் பத்திரம் போதும். துப்பாக்கிக்கு ஆள் வேண்டும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, வயது, நடத்தை, தேவை எல்லாம் விசாரித்து ஒரு நபரை நம்பித் தருவதுதான் உரிமம். அதை டிரஸ்ட் பத்திரத்தில் ஒரு வரி எழுதி மாற்ற முடியாது. பெரிய எஸ்டேட், வங்கி போன்ற நிறுவனங்கள் காவலுக்கு உரிமம் பெறுவது உண்டு. அங்கேயும் துப்பாக்கி ஏந்தும் காவலாளியின் பெயர் உரிமத்தில் இருக்க வேண்டும். தவறு நடந்தால் நிறுவனத்தோடு அதன் பொறுப்பாளர்களும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கும், 'ஜம்மா' நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019-ல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. அதைக் கேள்விப்பட்டு, இங்கேயும் நிலத்தோடு துப்பாக்கி வரும் என்று எண்ண வேண்டாம். அந்த விலக்கு நீலகிரிக்குப் பொருந்தாது.

வாரிசுக்கு வழி இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தான் விரும்பும் வாரிசுக்கு உரிமம் கேட்கலாம். இறந்த பிறகும் வாரிசு விண்ணப்பிக்கலாம். ஆனால், அவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல்துறை விசாரணையும் உண்டு. உரிமம் வரும்வரை துப்பாக்கி காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோதான் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் கூடாது என்பது 2019-ம் ஆண்டுத் திருத்தம். வாரிசுக்கு ஏற்கெனவே இரண்டு இருந்தால் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் வாங்கினாலும், அது விலங்கைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. காட்டுமாடும் பன்றியும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. 2025-ல் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையினரே, விவசாயி அல்ல. பயிர் சேதமானால் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுப்பதே விவசாயிக்குப் பாதுகாப்பான வழி.

டிரஸ்ட் பத்திரம் எழுத உட்காரும் அன்றே, வீட்டுத் துப்பாக்கியின் லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்து மேஜைமேல் வையுங்கள். யார் பெயர், எந்தத் தேதிவரை, அடுத்து யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கேயே பதில் எழுதிவிடுங்கள். துக்க வீட்டில் போலீஸ் வந்து நிற்கும் நிலையைத் தவிர்க்க அது போதும்.