தேவையில்லாத வேலை

கோவையின் பெரிய கார் பட்டறைகளில் இப்போது ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. ஏசி, சோபா, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. கண்ணாடிக்கு அப்பால் வண்டியைத் தூக்குவார்கள், சக்கரத்தைக் கழற்றுவார்கள். ஆண் வாடிக்கையாளர் வண்டிக்கடியில் எட்டிப் பார்த்தபடி மெக்கானிக்கோடு பேசிக்கொண்டு நிற்கலாம். பெண் என்றால், "அம்மிணி, நீங்க உள்ள உக்காருங்க, கிரீஸ் பட்டுரும்" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அந்த மரியாதையின் பலனாக, பதினைந்து வருடம் கார் ஓட்டியும் என் வண்டியின் அடிப்பகுதி எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை.

என் அக்கா மகள் அந்த அறைக்குள் உட்கார மறுப்பவள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் பந்தயத் தடம் இருக்கிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்குக் கார்மேல் ஆசை வருவது அதிசயமில்லை. வீட்டில் அவளுக்கென்று விட்டுக்கொடுத்த பழைய ஸ்விஃப்ட்டுக்கு, சேர்த்துவைத்த பணத்தில் நான்கு குட்டை ஸ்பிரிங்குகள் வாங்கினாள். கம்பெனி ஸ்பிரிங்கைவிட இவற்றுக்கு உயரம் குறைவு, விறைப்பு அதிகம். மாட்டினால் வண்டி 3 சென்டிமீட்டர் தாழும். ஈர்ப்பு மையம் இறங்குவதால் வளைவில் வண்டி சாய்வது குறையும். நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசும் என்பதும் அவளுக்குத் தெரியும். "தடத்துல ஓட்டறதுக்குத்தான் சித்தி. அப்புறம் பழசையே மாட்டிருவேன்" என்றாள். வேலையை எங்கள் வீட்டுப் போர்டிகோவில் தானே செய்வதாக ஏற்பாடு.

மாமா மூன்று காரணம் சொல்லித் தடுத்தார். முதலாவது, ஆபத்து. "வெரலு கிரலு போச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்?" இரண்டாவது, தேவையில்லாத வேலை. மூன்றாவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. மதிக்க வேண்டிய சட்டம்தான். ஆனால் அவளுடைய அண்ணன் தெருவே அதிரும் சைலன்சரைத் தன் புல்லட்டுக்கு மாட்டிவந்த அன்று, மாமாவுக்கு இந்தப் பிரிவு நினைவுக்கு வரவில்லை.

ஆபத்து என்பது பொய்யில்லை. ஸ்விஃப்ட்டின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள்வில்லும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். அமுங்கிய வில்லை மேலே ஒற்றை நட்டு பிடித்துவைத்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் அமுங்கிய வில்லில் 200 கிலோ காத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரெசரைப் போட்டு வில்லைக் கட்டுக்குள் கொண்டுவராமல் அந்த நட்டைக் கழற்றினால், மேல்தட்டோடு எகிறும் வில்லுக்கு எதிரே இருப்பது ஆணின் முகமா பெண்ணின் முகமா என்று தெரியாது. தாடை உடையும், உயிரும் போகலாம்.

கவிதை எழுதுகிறவளுக்கு இந்த இடத்தில் ஓர் உவமை கைகட்டிக் காத்து நிற்கும்: அமுக்கப்பட்ட வில், அமுக்கப்பட்ட பெண். அதை நான் எழுதவில்லை. உவமையாக்கிவிட்டால் வில்லைத் தொடாமலேயே நகர்ந்துவிடலாம். அக்கா மகளுக்கு வேண்டியிருந்தது, கம்ப்ரெசரின் கொக்கிகள் வில்லின் எந்தச் சுற்றுகளில் விழ வேண்டும் என்ற கணக்கு.

ஆபத்தின் காரணமாகத்தான் பெண்களை விலக்குகிறார்கள் என்றால், முதலில் அடுப்படியிலிருந்து அல்லவா விலக்கியிருக்க வேண்டும்? 14.2 கிலோ எரிவாயுவை அடைத்த உருளைக்குப் பக்கத்தில், கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால், ஆவியை அடக்கிய குக்கரை வைத்துக்கொண்டு ஒரு பெண் தினமும் நிற்கிறாள். பதினைந்து வயதில் என்னை அங்கே நிறுத்தியபோது விரலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தியைப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவற்றில் பல விபத்தே அல்ல என்று தெரிந்துதான் 1983இல் 498ஏ பிரிவும் 1986இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் வந்தன. அப்போதும்கூட, அடுப்பு ஆபத்தானது, பெண்கள் கிட்டே போகவேண்டாம் என்று எந்த வீட்டிலும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. எந்த ஆபத்து நமக்கு உரியது, எது உரியதல்ல என்பதை நம் பாதுகாப்பு தீர்மானிப்பதில்லை. அதனால் யாருக்கு வேலை நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. "ஸ்டெப்னி மாத்தக் கத்துக்க, வேண்டாங்கல" என்று மாமாவே சொல்வார். வழியில் நின்றுபோனால் உதவும். பெண்ணுக்குக் கருவி கையில் கிடைப்பது அவசரத்துக்கு மட்டும். 1888இல் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்வரை 100 கிலோமீட்டருக்குமேல் காரில் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக்கிற்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைக்கச் சொன்னார். கணவரின் தொழிலில் அவருடைய சீர்ப்பணமும் இருந்தது. எனினும் கணவருக்குத் துணைநின்ற மனைவி என்றே அந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. துணை, அவசரம், சிக்கனம் என்றால் நம் திறமைக்கு மன்னிப்பு உண்டு. காரை 3 சென்டிமீட்டர் தாழ்த்துவதில் இவை எதுவும் இல்லை. அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பையன்களுக்கு அது போதுமான காரணமாக இருந்துவருகிறது.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. டார்ச் பிடிப்பதும் ஸ்பேனர் எடுத்துக்கொடுப்பதும் என் பங்கு. வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கினாள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளில் உட்காரவைத்து, உலுக்கிப் பார்த்தாள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையைக்கூட நீட்டக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பின்பக்கம் எளிது. அங்கே வில் தனி, ஷாக் தனி. ஷாக்கின் அடிபோல்ட்டைக் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் அச்சைத் தாழ்த்தியதும் வில் கையோடு வந்தது.

முன்பக்க ஸ்ட்ரட்டை வெளியே எடுத்ததும் அக்காவும் வந்து நின்றாள். இரண்டு கொக்கிகளையும் எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மகள் கையாலேயே திருகினாள். பள்ளியில் தமிழ்வழியில் நான் படித்த தகைவு, திரிபு, மீட்சி எல்லை என்ற சொற்களின் பொருள் என் கண்முன்னே அசைந்தது. இலக்கண வகுப்பில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூன்றையும் நடத்தும்போது இனி இந்த வில்லும் நினைவுக்கு வரும். எல்லைக்குள் திரிந்தால் மீளும், தாண்டினால் கெடும்.

மேல்நட்டில் ஸ்பேனரை வைத்தபோது அக்கா, "இரு கண்ணு, உள்ள அழுத்தம் எறங்கிருச்சுன்னு எப்படித் தெரியும்? குக்கருன்னா வெயிட்டத் தூக்கிப் பாப்பேன்" என்றாள். நாங்கள் இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே கேட்கவேண்டிய ஒரே கேள்வி அதுதான். மகள் வில்லைக் கையால் பிடித்துத் திருகினாள். அது தன் இருக்கையில் தளர்ந்து சுற்றியது. "இப்படித்தாம்மா" என்றாள். அக்காவும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, கழட்டு" என்றாள்.

சாயங்காலத்துக்குள் நான்கும் மாட்டியாயிற்று. டார்க் ரெஞ்சில் ஒவ்வொரு போல்ட்டையும் குறித்த அளவுக்கு முறுக்கினாள். அளவுகளை நான் உரக்க வாசித்தேன், அக்கா நோட்டில் குறித்தாள். மறுநாள் வீல் அலைன்மென்ட். மாமா வேகத்தடைகளைப் பற்றி மட்டும் இப்போதும் பேசுகிறார்.

போன வாரம் கம்ப்ரெசரைக் கேட்டு அவளுடைய வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தியிடம் கார் இல்லை. அவள் சும்மா பார்க்க வந்தாளாம். கொக்கியை எங்கே மாட்டுவது என்று அக்காதான் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.